பிடுங்கினால் சாயம் போகும், பொறுத்தால் பசை போகும்

நம்மில் பலருக்கு முதல் காடி என்பது அப்பாவின் பழைய காடிதான். இல்லையென்றால் யாரோ ஓட்டி விற்ற மைவி. அது தனியாக வருவதில்லை. முன்பு வைத்திருந்தவரின் காற்பந்துக் குழு பின்கண்ணாடியில் இருக்கும். கதவில் வெளுத்துப்போன கோடுகள் இருக்கும். பின்கதவில் பாதி எழுத்து உதிர்ந்த ஒரு சின்னம் தொங்கிக்கொண்டிருக்கும். நாமும் நம் பங்குக்குச் சேர்க்கிறோம். உரிமம் கிடைத்த முதல் 2 ஆண்டுகளுக்கு ‘பி’ ஸ்டிக்கர், கல்லூரி வாகன நிறுத்துமிட அனுமதி ஸ்டிக்கர், ஆண்டு மாறியதும் அதன் மேலேயே இன்னொன்று.

ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். எடுக்கும்போதுதான் தலைவலி. நகத்தால் சுரண்டுகிறோம். நகம் வலித்ததும் கத்தியை எடுக்கிறோம். அதுவும் முடியாமல், யாரோ சொன்னார்கள் என்று தின்னரை ஊற்றுகிறோம். கடைசியில் ஸ்டிக்கரோடு சாயமும் வந்துவிடுகிறது. பத்து ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை சாயப் பட்டறையில் நூற்றுக்கணக்கான ரிங்கிட்டில் முடிகிறது.

கடந்த ஆண்டு எங்கள் வீட்டு வேனை விற்க வேண்டி வந்தது. அதன் இரு பக்கமும் இருந்த எழுத்துகள், பின்கதவுச் சின்னம், கதவுப் பட்டை ஆகியவற்றை நானும் அப்பாவும் நான்கு மாலைகளில் எடுத்தோம். அந்த வேலையில் கற்றதையும், அதற்காகத் தேடிப் படித்த அறிவியலையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். படிவம் 4, 5-இல் இரசாயனமும் இயற்பியலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்குப் பாடப்புத்தகத்தில் வரும் சில விஷயங்கள் இதில் கண்முன்னே தெரியும்.

ஒரு தாளின் தடிமன்

முதலில், நம் கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழிற்சாலையில் காடிக்குச் சாயம் ஒரே பூச்சாக ஏறுவதில்லை. கழுவிய இரும்பு உடலை முதலில் பாஸ்பேட் கலவையில் நனைக்கிறார்கள். பிறகு, மின்சாரம் செலுத்தப்பட்ட பெரிய தொட்டியில் முழுவதுமாக முக்கி எடுக்கிறார்கள். மூலைமுடுக்கெல்லாம் படியும் அந்தப் பூச்சுதான் துருவுக்கு எதிரான முக்கியமான காவல். அதன் மேல் அடிச்சாயம். அதன் மேல் நாம் பார்க்கும் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே ‘கிளியர் கோட்’ எனப்படும் நிறமற்ற பூச்சு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் பளபளப்பைத் தருவதும் அதுதான்.

இத்தனை அடுக்குகளும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் ஒப்படைப்பு அச்சிடும் ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் என்றால் 40, 50 மைக்ரான், அரைத் தாள். அந்த அரைத் தாளின் மேல்தான் கத்தி முனையை வைக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையில் மேல்பூச்சைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுக்கிறார்கள். அப்போது உடல் வெறும் இரும்புதான். ஆனால் ஏதோ விபத்துக்குப் பிறகு பட்டறையில் மறுபடி சாயம் பூசும்போது அவ்வளவு சூடு கொடுக்க முடியாது. உள்ளே கம்பிகளும் பிளாஸ்டிக்கும் இருக்கும். அதனால் 60 டிகிரி அளவில் உலர்த்துகிறார்கள். இப்படி மறுபூச்சு கண்ட கதவும் மட்கார்டும் சூட்டுக்கும் கரைப்பான்களுக்கும் எளிதில் இளகிக் கொடுக்கும். கதவோரத்து ரப்பரில் சாயத் துளிகள் தெறித்திருந்தாலோ, கதவின் போல்ட்டில் சாயம் ஏறியிருந்தாலோ அங்கே மறுபூச்சு நடந்திருக்கலாம். அந்த இடத்தில் இரு மடங்கு கவனம் தேவை.

பட்டறையில் பிறந்த ஒட்டுநாடா

நாம் பள்ளியில் பயன்படுத்தும் ஒட்டுநாடாவின் கதையே காடிச் சாயத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

1920களில் அமெரிக்காவில் இரு நிறக் காடிகள் நாகரிகமாக இருந்தன. ஒரு நிறத்தைப் பூசி, அதைத் தாளால் மறைத்துவிட்டு அடுத்த நிறத்தைப் பூச வேண்டும். தாளைப் பசை போட்டு ஒட்டினார்கள். பிரிக்கும்போது புதுச் சாயமும் சேர்ந்து உரிந்தது. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் 3எம் நிறுவனத்தில் சோதனைக்கூட உதவியாளராக இருந்தார். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். அந்த நிறுவனம் அப்போது மணல்தாள் தயாரித்து வந்தது. மணல்தாளைச் சோதித்துப் பார்க்க ஒரு பட்டறைக்குப் போன ட்ரூ, சாயம் உரிந்த கோபத்தில் வேலையாட்கள் திட்டுவதைக் கேட்டார். அந்தச் சிக்கலுக்குத் தானே தீர்வு காண்பதாகச் சொன்னார்.

பல முயற்சிகளுக்குப் பிறகு 1925-இல் ‘மாஸ்கிங் டேப்’ உருவானது. கேட்கும் நேரம் வரை ஒட்டியிருக்கும். இழுத்தால் சாயத்தைத் தொடாமல் வந்துவிடும். 1930-இல் அதே ட்ரூ செலோஃபேனில் செய்த ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவையும் உருவாக்கினார். நம் பென்சில் பெட்டியில் இருப்பது அதன் வாரிசு.

பின்னாளில் இதற்கு நேர்மாறான ஒன்றும் வந்தது. இரு பக்கமும் பசையுள்ள அக்ரிலிக் நுரை நாடாவை 3எம் 1980-இல் அறிமுகப்படுத்தியது. ஆணியும் திருகும் இல்லாமலேயே இரும்பைப் பிடித்துக்கொள்ளும் நாடா அது. இன்று காடிச் சின்னங்களும் கதவுப் பட்டைகளும் பெரும்பாலும் இந்த வகை நுரை நாடாவில்தான் நிற்கின்றன. எளிதில் விடக் கூடாது என்றே செய்யப்பட்ட பசையோடுதான் நாம் மல்லுக்கட்டுகிறோம்.

பசை ஏன் விடமாட்டேன் என்கிறது?

சூப்பர் குளூ போன்றவை காய்ந்து இறுகிவிடும். ஸ்டிக்கர் பசை அப்படி இறுகுவதில்லை. ஆண்டுகள் கடந்தாலும் பாதி திரவமாகவும் பாதி ரப்பராகவும் இருக்கும். அழுத்தும்போது பாகுபோல் மெல்லப் பரவி, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை எல்லாம் நிரப்பிக்கொள்கிறது. பிறகு இழுக்கும்போது ரப்பர்போல் நீண்டு, நாம் கொடுக்கும் விசையை வாங்கிக்கொள்கிறது. பரவுவதற்கு நேரம் ஆகும் என்பதால், ஒட்டிய அன்றைக்கு விட மூன்று நாள் கழித்து அதன் பிடி அதிகமாக இருக்கும்.

இந்தக் குணத்தில் இருந்து நமக்கு வேண்டிய மூன்று விதிகள் கிடைக்கின்றன.

முதலாவது, வேகம். வெடுக்கென்று இழுத்தால் இந்தப் பசை திடப்பொருள்போல் எதிர்க்கும். ஸ்டிக்கர் கிழியும், சில சமயம் சாயம் உரியும். மெதுவாக இழுத்தால் அதே பசை நெகிழ்ந்து கொடுக்கும்.

இரண்டாவது, வெப்பம். சூடேறினால் மூலக்கூறுகளின் அசைவு கூடும், பசை இளகும். இதற்குச் சிகை உலர்த்தும் ஹேர் டிரையரே போதும். பட்டறையில் இருக்கும் ‘ஹீட் கன்’ பல நூறு டிகிரிக்குச் சூடாகும். பழக்கமில்லாத கையில் அது சாயத்தைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

மூன்றாவது, விசை எங்கே விழுகிறது என்பது. ஒரு சின்னத்தை நேராக வெளியே இழுத்தால் அதன் பரப்பு முழுவதும் ஒன்றுசேர்ந்து எதிர்க்கும். ஓரத்தில் இருந்து தொடங்கினால் ஒரு கோட்டில் இருக்கும் பசையை மட்டும் வென்றால் போதும். ஒரு பலகையை நிமிண்ட முடியாதவர்கள் அதன் ஓரத்தைத் தூக்கிவிடுவதுபோல்தான் இது.

எங்கள் வேன்

எங்கள் வேன் கருநீல நிறம். கிள்ளானில் என் பெற்றோர் பன்னிரண்டு ஆண்டுகள் உணவு கேட்டரிங் செய்தார்கள். கல்யாணம், காதணி விழா, கோயில் அன்னதானம் என்று அந்த வேன் போகாத தாமான் இல்லை. இரு பக்கமும் மஞ்சள் நிறத்தில் அம்மாவின் பெயர், அதற்குக் கீழே ‘கேட்டரிங்’, அதற்கும் கீழே அம்மாவின் தொலைபேசி எண். அப்பாவுக்கு முட்டி வலி அதிகமாகி, பெரிய பாத்திரங்களைத் தூக்க முடியாமல் போனதும் தொழிலை நிறுத்திவிட்டார்கள். அதே நேரத்தில் தம்பிக்கு டிப்ளோமா படிக்க இடம் கிடைத்தது. முதல் தவணைக் கட்டணத்துக்கு வேனை விற்பது என்று முடிவானது.

பழைய வாகன வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். இயந்திரம் நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் இரு பக்கமும் எழுத்து இருப்பதால் சாயம் பூசித்தான் விற்க முடியும் என்று சொல்லி, விலையில் 1,800 ரிங்கிட்டைக் கழித்தார். எழுத்தைச் சுத்தமாக எடுத்துக் கொடுத்தால் என்ன விலை என்று அப்பா கேட்டார். எடுத்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

அந்த 1,800 ரிங்கிட் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. தம்பியின் பதிவுக் கட்டணமும் தங்கும் விடுதி முன்பணமும் அதில் அடங்கிவிடும்.

அம்மாவின் கவலை வேறு. “பேரு கொஞ்சம் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும்மா. நம்பர் தெரியவே கூடாது. நாளைக்கு வேற யாராச்சும் ஓட்டிக்கிட்டுப் போயி எங்கயாச்சும் இடிச்சு வச்சா, எனக்குல்ல போன் வரும்!” என்றார். சிரித்தோம். ஆனால் அதில் உண்மை இருந்தது. விற்கும் வாகனத்தில் நம் பெயரும் எண்ணும் இருந்தால், அது போகும் இடமெல்லாம் நம் பெயரும் போகும்.

முதல் வேலையாக வேனைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவினோம். இதைத் தவிர்த்துவிடாதீர்கள். ஸ்டிக்கரின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் மணலும் தூசும் நாம் துணியால் தேய்க்கும்போது மணல்தாளாகவே மாறிவிடும்.

வலது பக்கத்தில் தொடங்கினோம். ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு சாண் தூரத்தில் ஹேர் டிரையரைப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் அசைத்துச் சூடேற்றினேன். கையை வைத்தால் தாங்கக்கூடிய சூடு. அதற்கு மேல் போகவில்லை. காலாவதியான ஒரு டச் அன் கோ அட்டையால் மூலையை நிமிண்டினேன். பிளாஸ்டிக் அட்டை சாயத்தைக் கீறாது. மூலை எழும்பியதும் அதைப் பின்புறமாக மடித்து, சாயத்தை ஒட்டியே மெதுவாக இழுத்தேன். எழுத்து முழுசாக வந்தது. வலது பக்கம் முழுவதும் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

இடது பக்கம் அப்படி இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக வேனை வாசலில் நிறுத்தும்போது இடது பக்கம்தான் மாலை வெயிலைப் பார்த்து இருந்தது. எழுத்து வெட்டப்படும் வினைல் ஒரு வகை பிவிசி பிளாஸ்டிக். அதை வளைய வைப்பதற்காக நெகிழ்விப்பான் என்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். வெயிலில் காலம் போகப்போக அது வெளியேறிவிடும். மிஞ்சும் பிளாஸ்டிக் அப்பளம்போல் நொறுங்கும். நகம் அளவு துண்டுகளாகத்தான் வந்தது. ஒரு மாலை முழுவதும் உழைத்து அம்மாவின் பெயரில் பாதியைத்தான் தாண்டியிருந்தேன்.

“அவசரப்படாதம்மா. வேன் எங்கயும் ஓடிப் போகாது,” என்று அப்பா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் சூடேற்ற, நான் எடுக்க, அப்படியே மறுநாளும் போனது. எந்தக் கல்யாணத்தில் சாம்பார் போதாமல் போனது, எந்தக் கோயிலில் மழையில் வேன் சேற்றில் மாட்டியது என்று எழுத்துக்கு ஒரு கதை சொன்னார். நான் கேட்டறியாத கதைகள் அவை.

சின்னமும் கதவுப் பட்டையும்

பின்கதவில் இருந்த மாடல் பெயர்ச் சின்னம் குரோம் உரிந்து, ஓரெழுத்து உடைந்து கிடந்தது. சின்னத்தை எடுக்கச் சிறந்த கருவி தூண்டில் நரம்பு. கடையில் ‘தங்சி’ என்று கேட்டால் கொடுப்பார்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலும் உதவும். ஆனால் சீக்கிரம் அறுந்துவிடும்.

சின்னத்தைச் சூடேற்றிய பிறகு நரம்பை அதன் பின்னால் விட்டு, இரு முனைகளையும் கையில் சுற்றிக்கொண்டு ரம்பம் அறுப்பதுபோல் இழுக்க வேண்டும். அவித்த முட்டையை நூலால் அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். நரம்பு நுரையை மட்டும் அறுத்துக்கொண்டு போகும். சாயத்தின் மேல் எந்த உலோகமும் படாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நரம்பு விரலையும் அறுக்கும்.

அறுத்துக்கொண்டே போகும்போது நரம்பு ஓரிடத்தில் தட்டி நின்றால், அங்கே ஊசி இருக்கிறது என்று பொருள். சில சின்னங்களுக்குப் பின்னால், சரியான இடத்தில் பொருத்துவதற்காகப் பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். அவை இரும்பில் துளையிட்டு உள்ளே போகும். அப்படிப்பட்ட சின்னத்தை எடுத்தால் துளை வெளியே தெரியும். அதை அடைக்காமல் விட்டால் மழைநீர் உள்ளே இறங்கித் துருப்பிடிக்கும். நம் நாட்டு மழைக்கும் ஈரக்காற்றுக்கும் அதிக காலம் பிடிக்காது. ஆகவே எடுப்பதற்கு முன்பே பின்கதவின் உட்புறத்தைத் திறந்து பாருங்கள். துளை இருந்தால், பழைய சின்னத்தை எடுப்பதா வேண்டாமா என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். எங்கள் வேனில் துளை இல்லை.

கதவின் குறுக்கே ஓடும் பட்டை, ஒரு முனையில் விட்டுக்கொண்டிருந்தது. இதைச் சும்மா விடக் கூடாது. பட்டைக்கும் இரும்புக்கும் இடையில் தண்ணீரும் மண்ணும் தேங்கி, யாருக்கும் தெரியாமல் துரு வளரும். முதலில் அது நாடாவில் நிற்கிறதா, கிளிப்பில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நாடா என்றால் தூண்டில் நரம்பு போதும். கிளிப் என்றால் பிளாஸ்டிக் நெம்பியைக் கிளிப்புக்கு அருகில் வைத்து நேராக வெளியே இழுக்க வேண்டும். பழைய கிளிப்புகள் வெயிலில் இறுகிப்போயிருக்கும். இரண்டு மூன்று உடையத்தான் செய்யும். உதிரிப்பாகக் கடையில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் வேலை நிற்காது. எங்களுடையது நாடா வகை. கழற்றி, பழைய நுரையைச் சுத்தம் செய்து, புதிய நாடாவில் ஒட்டினோம்.

மிச்சப் பசை

சின்னமோ எழுத்தோ போன பிறகு பசை மட்டும் தனியாக நிற்கும். இங்கேதான் பலரும் பொறுமையை இழக்கிறார்கள்.

முதலில் கையாலேயே முயலுங்கள். கட்டை விரலால் ஒரே திசையில் தேய்த்தால் பசை உருண்டு திரண்டு வரும். பென்சில் எழுத்தை ரப்பர் உருட்டி எடுப்பதுபோல்தான். துளையிடும் இயந்திரத்தில் மாட்டும் ரப்பர்ச் சக்கரமும் கடைகளில் கிடைக்கிறது. அதை ஓரிடத்தில் அழுத்தி நிறுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே சாயம் கருகும் என்பதால் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கும் மசியாத பசைக்குக் கரைப்பான். ‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்று இரசாயனத்தில் படித்திருப்போம். தண்ணீர் முனைவுள்ள கரைப்பான். உப்பையும் சீனியையும் கரைக்கும். பசை எண்ணெய்த் தன்மை கொண்டது, தண்ணீரைக் கண்டுகொள்ளாது. அதற்கு எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பான் வேண்டும். மண்ணெண்ணெய், ‘ஒயிட் ஸ்பிரிட்’, ஆரஞ்சுத் தோலில் இருந்து எடுக்கப்படும் லிமோனின் கலந்த பசைநீக்கி ஆகியவை இந்த வகை. சமையல் எண்ணெய்கூட வேலை செய்யும். நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

எங்கள் முறை இதுதான். கரைப்பானில் நனைத்த துணியைப் பசையின் மேல் படியவிட்டு, அது ஆவியாகாமல் இருக்க மேலே உணவு மூடும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஐந்து நிமிடம் காத்திருந்தோம். பசை ஊறி வீங்கிவிடும். அதன் பிறகு அட்டையால் வழித்தால் கூழ்போல் வரும். தேய்க்கும் வேலையைக் கரைப்பானிடம் விட்டுவிட வேண்டும். நாம் காத்திருந்தால் போதும். கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, சவர்க்கார நீரால் கழுவினோம்.

தின்னரும் நகச்சாயம் அழிக்கும் அசிட்டோனும் பசையைச் சீக்கிரம் கரைக்கும் என்பது உண்மை. அவை சாயத்தையும், அதிலும் மறுபூச்சுச் சாயத்தையும், பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். பக்கத்தில் கொண்டுவராதீர்கள். எந்தக் கரைப்பானாக இருந்தாலும் முதலில் கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தாலோ, சாயம் பிசுபிசுத்தாலோ நிறுத்திவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் திரவங்கள் தீப்பிடிப்பவை. ஹேர் டிரையரும் கரைப்பானும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. சூடேற்றும் வேலை முழுவதும் முடிந்து, இரும்பு ஆறிய பிறகே கரைப்பான் போத்தலைத் திறக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம்.

எழுத்து போனாலும் தெரியும் எழுத்து

பசையெல்லாம் போன பிறகு வேனைக் கழுவித் துடைத்துப் பார்த்தோம். வலது பக்கம் கிட்டத்தட்டச் சுத்தம். இடது பக்கத்தில் அம்மாவின் பெயரும் தொலைபேசி எண்ணும் அப்படியே இருந்தன. மஞ்சள் எழுத்து போய், கருநீல எழுத்தாக நின்றது.

சுற்றியிருந்த சாயம் வெயிலில் வெளுத்திருக்க, எழுத்துக்குக் கீழே இருந்த சாயம் மட்டும் வெயிலே படாமல் புதுசாக இருந்ததுதான் காரணம். வாகனம் எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு இந்த வேறுபாடும் தெளிவாகத் தெரியும். எடுப்பதற்கு முன்பே இதை எதிர்பார்த்து இருப்பது நல்லது.

இதற்கு வழி, வெளுத்த மேல்படலத்தைச் சில மைக்ரான் அளவுக்குத் தேய்த்து எடுப்பது. ‘ரப்பிங் காம்பவுண்ட்’ எனப்படும் பசை வடிவக் கலவையில் மிக நுண்ணிய துகள்கள் இருக்கும். சாயப் பட்டறையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு டப்பா கொடுத்து, எழுத்தின் மேல் தேய்க்காமல் சுற்றியிருக்கும் பகுதியைத் தேய்க்கச் சொன்னார். வெளுத்திருப்பது அதுதானே.

தேய்த்த துணியைத் திருப்பிப் பார்த்தால் நீலமாக இருந்தது. சாயம் போகிறதோ என்று கேட்டேன். பழைய வேலை வாகனங்கள் சிலவற்றில் கிளியர் கோட் இருக்காது, நிறமே மேல்பூச்சாக இருக்கும், அதனால் துணியில் நிறம் வருவது இயல்புதான் என்று அண்ணன் விளக்கினார். கிளியர் கோட் உள்ள காடியில் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். அதில் நிறம் வந்தால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும்.

மூன்று முறை தேய்த்ததில் தொலைபேசி எண் மறைந்தது. அம்மா வந்து கிட்டே நின்றும் தள்ளி நின்றும் பார்த்துவிட்டுத் திருப்தியோடு உள்ளே போனார். அவரது பெயரின் முதல் எழுத்து மட்டும், மத்தியான வெயிலில் ஒரு பக்கமாக நின்று பார்த்தால், லேசாகத் தெரிந்தது. இன்னொரு முறை தேய்க்கவா என்று கேட்டேன்.

“போதும்மா. சாயம் மெலிசாயிடும்,” என்றார் அப்பா.

மெழுகு பூசி முடித்தோம். மறுவாரம் வந்த வியாபாரி, இரு பக்கமும் கையால் தடவிப் பார்த்தார். இடது கதவுக்கு மட்டும் 400 ரிங்கிட் கழித்துக்கொண்டார். நாங்கள் வாங்கிய பொருள்களுக்கு ஆன செலவு 92 ரிங்கிட். மீதியில் தம்பியின் பதிவு முடிந்தது.

கண்ணாடியில் ஒட்டியது

மாணவர்கள் அதிகம் சந்திப்பது கண்ணாடி ஸ்டிக்கரைத்தான். 2023 பிப்ரவரி 10 முதல் மலேசியர்கள் தங்கள் தனியார் வாகனத்தில் சாலை வரி ஸ்டிக்கரை ஒட்டிக் காட்டத் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது. அதனால் பழைய சாலை வரி ஸ்டிக்கர்களைப் பலர் எடுக்கத் தொடங்கினார்கள். அதன் பசை வட்டம் மட்டும் பல காடிகளில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

வெறும் கண்ணாடி என்றால் பயமில்லை. சவர்க்கார நீரால் நனைத்து, புதிய சவர அலகைச் சாய்த்துப் பிடித்து வழித்து எடுக்கலாம். ஆனால் கறுப்புப் படலம் பெரும்பாலும் கண்ணாடியின் உட்புறத்தில்தான் ஒட்டப்பட்டிருக்கும். அதன் மேல் அலகு பட்டால் கிழிந்துவிடும். பின்கண்ணாடியின் உட்புறத்தில் ஓடும் மெல்லிய கோடுகளும் பனிமூட்டத்தை நீக்கும் மின்கம்பிகள். அங்கேயும் அலகு கூடாது. இந்த இரண்டு இடங்களிலும் பொறுமையாகச் சூடேற்றி, பிளாஸ்டிக் அட்டையால்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். மைவியில் உள்ள சின்னத்தை எடுத்துவிட்டு, அதன் ஜப்பானிய உறவான பாசோவின் சின்னத்தை ஒட்டும் நண்பர்கள் எனக்கும் உண்டு. முன்பு புரோட்டோன் காடிகளில் மிட்சுபிஷி சின்னம் ஒட்டிய தலைமுறையின் தொடர்ச்சி இது. அது அவரவர் விருப்பம். ஆனால் புதிய சின்னத்தின் அளவு பழையதைவிடச் சிறியதாக இருந்தால், பழையதன் நிழல் அதைச் சுற்றித் தெரிந்துகொண்டே இருக்கும். வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

நினைவில் வைக்க

• தொடங்கும் முன் கழுவுங்கள். தூசோடு தேய்ப்பது மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

• மறுபூச்சு உள்ள இடமா, பின்னால் துளை உள்ள சின்னமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

• முதலில் சூடு, பிறகு நரம்பு அல்லது அட்டை, இரும்பு ஆறிய பிறகு கரைப்பான், கடைசியில் பாலிஷும் மெழுகும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

• கத்தி, தின்னர், அசிட்டோன் மூன்றும் சாயத்தின் பக்கம் வர வேண்டாம்.

• நிழலான இடத்தில் வேலை செய்யுங்கள். கொதிக்கும் இரும்பின் மேல் கரைப்பான் வேலை செய்வதற்குள் ஆவியாகிவிடும்.

• மறுபடி ஒட்டப்போகும் பட்டையோ சின்னமோ என்றால், எடுக்கும் முன் அதன் இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒட்டிய பிறகு மூன்று நாள் வரை வாகனத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம்.

• எதையும் எடுக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னம் எந்த உயரத்தில் இருந்தது என்று பின்னால் தெரிய வேண்டி வரலாம். குடும்பத்தின் உழைப்பில் ஓடிய வாகனம் என்றால், அந்தப் படத்தைக் கேட்பதற்கு வீட்டில் வேறு ஆட்களும் இருப்பார்கள்.